பசித்த காதுகள்: ஆலிவர் சாக்ஸின் ‘அவேக்கனிங்ஸ்’ நூலை முன்வைத்து

தாத்தாவுக்குப் பார்க்கின்சன் நோய் வந்து ஒன்பதாவது வருடம். தீபாவளிக்கு முதல் நாள் கோலாலம்பூரிலிருந்து சித்தப்பா குடும்பம் சுங்கை பட்டாணிக்கு வருவதாக இருந்தது. இரண்டு வருடமாகத் தாத்தாவைப் பார்க்காதவர்கள். ‘அவுங்க வந்து எறங்கும்போது அப்பா எழுந்து நடக்கணும்’ என்று என் அப்பாவுக்கு ஆசை. மதியம் கொடுக்க வேண்டிய ஒரு மாத்திரையோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

தாத்தா நடந்தார். கேட் வரைக்கும் போய்ப் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். பேச்சுகூடத் தெளிவாக இருந்தது. அரை மணி நேரம் கழித்து அவருடைய இடது தோள் தானாக ஏறி இறங்கத் தொடங்கியது. பிறகு கழுத்து, பிறகு கால்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடம்பு முழுக்க முறுக்கி அவிழ்ந்துகொண்டிருந்தது. கையிலிருந்த கோப்பி சட்டையில் கொட்டியது. ‘சாமி வந்திருச்சி’ என்று சின்னப்பாட்டி விபூதி எடுக்க ஓடினார். பையன்களில் ஒருவன் கைப்பேசியில் படம் பிடித்தான். தாத்தா யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. லோரி ஓட்டிப் பிழைத்தவர். கை கால் தன் சொல் கேட்காமல் ஆடுவதைப் பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்பது அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

அடுத்த வாரம் கிளினிக்கில் டாக்டர் சொன்னது இரண்டே வரி: ‘கூட்டிக் கொடுக்காதீங்க. நேரத்துக்குக் கொடுங்க.’ ஏன் என்று கேட்க நேரமில்லை. வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு ஒன்றுதான். உடம்பு என்பது காடி, மாத்திரை என்பது எண்ணெய். எண்ணெய் குறைந்தால் காடி நிற்கும், ஊற்றினால் ஓடும். கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் கொஞ்சம் தூரம் கூடுதலாக ஓட வேண்டுமே தவிர, காடி ஏன் ஆடத் தொடங்க வேண்டும்?

இந்தக் கேள்வியைப் பல வருடம் தூக்கிக்கொண்டு திரிந்த பிறகுதான் ஆலிவர் சாக்ஸின் ‘அவேக்கனிங்ஸ்’ என் கைக்கு வந்தது. 1973இல் வெளிவந்த நூல். மருத்துவ நூல்களில் இலக்கிய வாசகர்கள் கொண்டாடும் சில நூல்களில் ஒன்று. நானும் கொண்டாடுகிறேன். ஆனால் அது என் கேள்விக்குப் பாதிப் பதிலைத்தான் சொல்கிறது. மீதிப் பாதியை அந்த நூல் ஏன் பக்கத்தில் போயும் தொடாமல் திரும்பியது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நூலின் கதை. முதல் உலகப் போர்க் காலத்தில் ஒரு விசித்திரமான தொற்றுநோய் பரவியது. 1917இல் வியன்னாவில் கான்ஸ்டன்டின் வான் எகனாமோ என்கிற மருத்துவர் அதை விவரித்து ‘என்செஃபலைட்டிஸ் லெத்தார்ஜிகா’ என்று பெயர் வைத்தார். உறக்க நோய். பத்து வருடங்களுக்கு மேல் உலகைச் சுற்றிவிட்டு, வந்த மாதிரியே காணாமல் போனது. பிழைத்தவர்களில் பலர் சில வருடங்கள் நன்றாக இருந்து, பிறகு மெல்ல மெல்ல உறைந்தார்கள். அசைவு நின்றது, பேச்சு நின்றது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நாட்பட்ட நோயாளிகளுக்கான ஒரு மருத்துவமனையில் இப்படிப்பட்ட ஏறக்குறைய 80 பேர் இருந்தார்கள். 1966இல் இளம் நரம்பியல் மருத்துவராக சாக்ஸ் அங்கே போய்ச் சேர்ந்தார். நூலில் அந்த இடத்திற்கு ‘மவுண்ட் கார்மெல்’ என்று பெயர் மாற்றியிருப்பார். நோயாளிகளுக்கும் மாற்றுப் பெயர்கள்தான்.

இவர்களின் நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பட்டையில் உள்ள நரம்பணுக்கள் அழிந்துபோயிருந்தன. டோபமைனைச் செய்து அனுப்பும் அணுக்கள் அவை. சாதாரணப் பார்க்கின்சன் நோயிலும் அழிவது அவைதான். டோபமைனை நேராகக் கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதன் முன்வடிவமான எல்-டோபா நுழையும். நுழைந்தபின் டோபமைனாக மாறும். 1967இல் ஜார்ஜ் கோட்சியாஸ் அதிக அளவு எல்-டோபா கொடுத்துப் பார்க்கின்சன் நோயாளிகளை நடக்க வைத்தார். 1969 மார்ச்சில் சாக்ஸ் தன் நோயாளிகளுக்கு அதைக் கொடுக்கத் தொடங்கினார்.

பல பத்தாண்டுகளாகச் சிலைபோல இருந்தவர்கள் எழுந்தார்கள். இதுதான் எல்லாருக்கும் தெரிந்த பகுதி. லியனார்ட் எல். என்பவருக்கு மருந்தை நாளொன்றுக்கு 5 கிராம் வரை ஏற்றுகிறார் சாக்ஸ். இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு திடீரென்று ஒரு மாற்றம். எழுந்து நடக்கிறார், பேசுகிறார், தோட்டத்துப் பூக்களைத் தொட்டுப் பார்க்கிறார். கொஞ்ச நாளில் அந்த மகிழ்ச்சி அளவு மீறுகிறது. வெறி, துடிப்பு, கட்டுப்பாடில்லாத அசைவுகள். மருந்தைக் குறைத்தால் பழைய உறைவு, கொடுத்தால் புயல். நடுவில் நிற்க இடமில்லை.

சாக்ஸ் இந்த நூலில் 20 பேரின் கதையைச் சொல்கிறார். ஒவ்வொரு கதையிலும் திரும்பத் திரும்ப வருவது மூன்று கட்டங்கள். விழிப்பு, துன்பம், இணங்கிப்போதல். நூலின் ஆகப் பெரிய இலக்கியத் துணிச்சல் இந்த மூன்றில்தான் இருக்கிறது. சாதாரண எழுத்தாளர் விழிப்போடு நிறுத்திவிடுவார். கொஞ்சம் கூர்மையானவர் துன்பத்தில் நிறுத்தி, எல்லாம் வீண் என்று முடிப்பார். சாக்ஸ் மூன்றாவது கட்டம் வரை நோயாளிகளின் கட்டிலருகே நிற்கிறார். அந்தப் புயலுக்குப் பிறகும் சிலர் தங்களுக்கென்று ஒரு சிறிய நிலையைக் கண்டுபிடித்துக்கொள்வதைப் பொறுமையாக எழுதுகிறார். வேலை, யாராவது ஒருவரின் அன்பு, இசை, சுற்றியிருப்பவர்களின் நடத்தை இவையெல்லாம் மருந்தின் விளைவையே மாற்றுகின்றன என்று காட்டுகிறார்.

இந்த வடிவம் சும்மா வந்ததில்லை. 1970இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழுக்கு சாக்ஸ் ஒரு கடிதம் எழுதினார். ஒரு வருடம் மருந்து எடுத்த 60 நோயாளிகளில் ஏறக்குறைய எல்லாரும் முதலில் நன்றாக இருந்தார்கள், பிறகு எல்லாருமே ஏதோ ஒரு விதத்தில் மருந்தின் பிடியிலிருந்து நழுவினார்கள் என்பது சாரம். சக மருத்துவர்களிடமிருந்து வந்த எதிர்வினை கடுமையானது. அளவைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுதான் அவர்களின் நம்பிக்கை. எங்கள் வீட்டு எண்ணெய்க் கணக்கேதான், வெள்ளை அங்கி போட்ட கணக்கு. அந்தக் கதவுகள் மூடியபிறகுதான் சாக்ஸ் அட்டவணைகளை விட்டுவிட்டு மனிதர்களின் கதைகளை எழுதுகிறார்.

சரி, அளவு சரியாக இருந்தும் ஏன் நழுவியது? இதற்கு நாம் நரம்பணுவின் இன்னொரு பக்கத்துக்குப் போக வேண்டும். டோபமைனை அனுப்பும் அணுவைப் பற்றியே இதுவரை பேசினோம். வாங்கும் அணு என்று ஒன்று இருக்கிறதே?

இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தை சினாப்ஸ் என்கிறோம். சந்திக்கும் என்று சொன்னாலும் அவை தொட்டுக்கொள்வதில்லை. நடுவில் ஏறக்குறைய 20 நானோமீட்டர் இடைவெளி. அனுப்பும் அணு வேதிப்பொருளை அந்த இடைவெளியில் விடுகிறது. வாங்கும் அணுவின் தோலில் அதைப் பிடிக்கும் புரதங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு ரிசெப்டர் என்று பெயர், தமிழில் ஏற்பி. இப்படி ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று 1905இல் கேம்பிரிட்ஜின் ஜான் லாங்லி சொன்னார். தசையின் மேல் நிகோட்டினும் குராரே என்கிற அம்பு நஞ்சும் செய்யும் வேலையைப் பார்த்துவிட்டு அவர் எடுத்த முடிவு அது. நஞ்சு பேசுவது நரம்போடு இல்லை, தசையில் இருக்கும் ஒரு வாங்கும் பொருளோடு.

ஏற்பி என்றதும் நமக்கு ஒரு பூட்டு மாதிரி படம் வரும். சுவரில் அறைந்த பூட்டு. சாவி வந்தால் திறக்கும். பள்ளிப் பாடப் புத்தகமும் அப்படித்தான் வரைகிறது. அந்தப் படத்தில் ஒரு தப்பு இருக்கிறது. பூட்டுகள் அசையாமல் நிற்கின்றன. உண்மையில் ஏற்பிகள் வந்து போய்க்கொண்டே இருப்பவை. அணுவின் உள்ளே தயாராகி, சிறு பைகளில் ஏறி, மேற்பரப்புக்கு வருகின்றன. அங்கே நங்கூரப் புரதங்கள் சிலவற்றைப் பிடித்து வைக்கின்றன. எத்தனை வெளியே நிற்க வேண்டும், எத்தனை உள்ளே போக வேண்டும் என்பதை அணு தனக்கு வரும் செய்தியின் அளவைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. பக்கத்து வீட்டில் வானொலி அலறினால் நாம் சன்னலைச் சாத்துகிறோம். இருட்டில் மெல்லிய சத்தம் கேட்டால் மூச்சைப் பிடித்துக் காதைத் தீட்டுகிறோம். நரம்பணு செய்வதும் ஏறக்குறைய அதுதான். ஆனால் அது சன்னலை மட்டும் சாத்துவதில்லை, காதையே கழற்றி உள்ளே வைத்துவிடும். தேவைப்பட்டால் புதுக் காது செய்யும்.

சத்தம் கூடும்போது நடப்பது இது. டோபமைன் ஏற்பி போன்ற ஒன்று தொடர்ந்து தூண்டப்பட்டால், அதன் உள்பக்க வாலில் சில நொதிகள் பாஸ்பேட்டுகளை ஒட்டுகின்றன. அந்த ஒட்டைப் பார்த்து அரெஸ்டின் என்கிற புரதம் வந்து ஏற்பியின் வாயை மூடுகிறது. செய்தி உள்ளே போவது நிற்கிறது. பிறகு அந்த ஏற்பி அணுவின் தோல் குழிந்து உண்டாகும் பையில் விழுந்து உள்ளே இழுக்கப்படுகிறது. அங்கிருந்து இரண்டு வழி. கழுவித் துடைத்து மறுபடி மேலே அனுப்பலாம். அல்லது லைசோசோமுக்கு அனுப்பிச் சிதைத்துவிடலாம். இந்தக் குடும்பத்து ஏற்பிகளை ஆராய்ந்ததற்காக ராபர்ட் லெஃப்கோவிட்ஸும் பிரையன் கோபில்காவும் 2012இல் வேதியியல் நோபல் பெற்றார்கள்.

சத்தம் குறையும்போது நடப்பதுதான் நம் கதைக்கு முக்கியம். நரம்பு அறுந்த உறுப்பு வேதிப்பொருளுக்கு மிகையாகத் துடிக்கிறது என்பதை வால்டர் கேனன் 1939இலேயே ஒரு விதியாக எழுதினார். 1959இல் ஸ்வீடனில் பணிபுரிந்த ஆக்செல்சனும் தெஸ்லெஃபும் பூனைத் தசையில் அதை நுணுக்கமாகப் பார்த்தார்கள். நல்ல தசையில் நரம்பு வந்து தொடும் சின்ன இடத்தில் மட்டும்தான் அசிட்டைல்கோலினுக்குப் பதில் கிடைக்கும். நரம்பை வெட்டிவிட்டுச் சில நாள் கழித்துப் பார்த்தால், தசையிழையின் நீளம் முழுவதும் எங்கே தொட்டாலும் பதில். வர வேண்டிய குரல் வரவில்லை. தசை உடம்பெல்லாம் காதாகிவிட்டது.

மூளையிலும் இது நடக்கிறதா? 1971இல் ஸ்டாக்ஹோமில் உர்பன் உங்கர்ஸ்டெட் எலிகளின் மூளையில் ஒரு பக்கத்து டோபமைன் நரம்புகளை மட்டும் அழித்தார். பிறகு டோபமைன் ஏற்பிகளை நேராகத் தூண்டும் மருந்தைக் கொடுத்தார். மருந்து இரண்டு பக்கமும் சமமாகத்தான் போகிறது. ஆனால் எலி வட்டமடித்துச் சுற்றியது, அழிந்த பக்கம் நல்ல பக்கத்தைவிட வலுவாகப் பதில் சொன்னால் எந்தத் திசையில் சுற்றுமோ அந்தத் திசையில். பட்டினி கிடந்த பக்கம்தான் அதிகமாகக் கேட்டது. 1978இல் டொரோண்டோவில் இறந்துபோன பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைகளைப் பார்த்தபோது, எல்-டோபா எடுக்காதவர்களிடம் டோபமைன் ஏற்பிகள் கூடியிருந்தன. எடுத்தவர்களிடம் சாதாரண அளவை ஒட்டி இருந்தன.

இப்போது மவுண்ட் கார்மெலுக்குத் திரும்பிப் பாருங்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் வாங்கும் அணுக்கள் ஏறக்குறைய 40 வருடமாகச் செய்தி வராமல் காத்திருந்தவை. வெளியே சிலை, உள்ளே ஒவ்வோர் அணுவும் காதைத் தீட்டிக்கொண்டு. அந்த இடத்தில் கிராம் கணக்கில் எல்-டோபா வந்து இறங்குகிறது. விழிப்பு அவ்வளவு பெரிதாக இருந்ததற்கும், அது அவ்வளவு சீக்கிரம் வெறியாக மாறியதற்கும் ஒரே காரணத்தின் சாயல் தெரிகிறது. பசி. இதுவே முழு விளக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஏற்பிக்கு உள்ளே செய்தி கடத்தும் சங்கிலியும் மாறுகிறது, பிற வேதிப்பொருள்களும் உண்டு. ஆனால் நூலின் மூன்று கட்டங்களுக்கும் அணு அளவில் ஒரு நிழல் இருக்கிறது என்பதை இதற்குப் பிறகு என்னால் மறக்க முடியவில்லை.

இன்னொரு விஷயம் நேரம். நல்ல மூளை டோபமைனைச் சொட்டுச் சொட்டாக, ஒரு சீரான அடிக்குரலாக வைத்திருக்கிறது. மாத்திரையில் வரும் எல்-டோபாவோ இரத்தத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். நோயின் தொடக்கத்தில், மிச்சமிருக்கும் அணுக்கள் அதை வாங்கி வைத்து மெல்லக் கொடுக்கின்றன. அதனால்தான் பார்க்கின்சன் நோயாளிகள் பலர் இந்த மருந்தில் பல வருடம் நன்றாகவே வாழ்கிறார்கள். இன்றைக்கும் முதன்மையான மருந்து அதுதான். அந்த அணுக்களும் போனபிறகு மருந்து அலை அலையாக வருகிறது. ஒரு நேரம் வெள்ளம், ஒரு நேரம் வறட்சி. இப்படி மாறி மாறி அடிக்கும்போது ஏற்பிகளின் ஒழுங்கு குலைகிறது. குரங்குகளில் செய்த ஆய்வுகளில், இந்தக் கட்டுப்பாடில்லாத அசைவு வந்தவற்றில், உள்ளே போயிருக்க வேண்டிய டி1 வகை ஏற்பிகள் மேற்பரப்பில் அதிகமாக நின்றன. சன்னலைச் சாத்தத் தெரியாத வீடு மாதிரி.

தாத்தாவின் தோள் ஏறி இறங்கியது அதனால்தான். அப்பா கூட்டிக் கொடுத்தது ஒரு மாத்திரைதான். ஆனால் அதை வாங்கிய அணுக்கள் ஒன்பது வருடத்துக்கு முந்தைய அணுக்கள் இல்லை.

இனி விமர்சனத்துக்கு வருகிறேன். இந்த நூல் முழுக்க சாக்ஸ் ஓர் எதிரியோடு சண்டை போடுகிறார். மனிதனை இயந்திரமாகப் பார்க்கும் மருத்துவம்தான் அந்த எதிரி. அளவு பார்த்து ஊற்று, அளவு பார்த்துக் குறை என்கிற மருத்துவம். அந்தச் சண்டையில் நான் அவர் பக்கம். ஆனால் அவர் எடுக்கும் ஆயுதங்களைப் பாருங்கள். லைப்னிஸ், ஜான் டன், தாமஸ் பிரவுன். இருப்பு, ஆன்மா, ஆரோக்கியம் என்கிற பெரிய சொற்கள். வேதியியல் எதிரியின் ஊர் என்று அவர் முடிவு செய்துவிட்ட மாதிரி இருக்கிறது. அளவுக்கும் விளைவுக்கும் நேர்க்கோட்டு உறவு இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார். அதற்கு மொழி தேடும்போது மேலே, தத்துவத்துக்கு ஏறுகிறார். பல வருடம் கழித்து 1990 பதிப்பின் பின்னிணைப்பில் கேயாஸ் கோட்பாட்டை எடுத்துக்கொண்டு வருகிறார். அதுவும் நல்ல வாசிப்புதான்.

அவர் கீழேயும் இறங்கியிருக்கலாம் என்பதுதான் என் மனக்குறை. கேனனின் விதி அப்போது வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. உங்கர்ஸ்டெட்டின் எலிகள் நூல் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே சுற்றிவிட்டன. கீழே இறங்கியிருந்தால், அணு எண்ணெய்த் தொட்டி இல்லை என்பது அவருக்கு அங்கேயே கிடைத்திருக்கும். அதற்கும் கடந்த காலம் உண்டு. கிடைக்காததை நினைவில் வைத்திருக்கும். கிடைத்தது அதிகமானால் விலகிக்கொள்ளும். இருப்பதற்கு ஏற்ப இணங்கிப்போகும். மனிதரைப் பற்றி அவர் சொன்ன மூன்றாவது கட்டம் அணுவுக்கும் பொருந்தும். வேதியியல் அவருக்கு எதிரி இல்லை, பேசாமல் நின்ற சாட்சி.

இது வெறும் அறிவியல் குறை என்று யாராவது சொல்லலாம். எனக்கு இது இலக்கியக் குறையாகவும் படுகிறது. நூலில் சில பக்கங்களில் நோயாளியின் உடல் மறைந்து, விதி மட்டும் நிற்கிறது. ரோஸ் ஆர். என்கிற பெண்ணின் கதையை எடுத்துக்கொள்வோம். 1926இல், 21 வயதில் உறைந்தவர். 1969இல் 64 வயதில் விழிக்கிறார். 1926ஆம் வருடத்துப் பாட்டுகளையும் பேச்சையும் அந்த வருடத்துத் துள்ளலோடு கொண்டுவருகிறார். இது 1969 என்று அவருக்குத் தெரியும். ஆனால் அது உண்மை மாதிரி அவருக்குத் தோன்றவில்லை. சில வாரங்களில் மறுபடி உறைகிறார். அதன்பிறகு அதே மருந்து அந்த விழிப்பை மீண்டும் தரவில்லை. சாக்ஸ் இதை, தாங்க முடியாத ஒரு காலத்துக்குள் விழித்தவர் திரும்பிப்போனார் என்கிற தொனியில் எழுதுகிறார். படிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. இரண்டாம் முறை படிக்கும்போது எனக்கு ஒரு சங்கடம். அவர் திரும்பிப் போக விரும்பினாரா, அல்லது அவருடைய அணுக்கள் வெள்ளத்தைத் தாங்காமல் கதவை மூடினவா? இரண்டையும் பிரிக்க முடியாது என்பது நேர்மையான பதிலாக இருக்கலாம். ஆனால் இரண்டாவது சாத்தியம் பக்கத்தில் இல்லாதபோது, முதலாவது ஒரு தீர்ப்பு மாதிரி ஆகிவிடுகிறது. நோயாளியே தன் நோயைத் தேர்ந்துகொண்டார் என்கிற வாசனை. எங்கள் வீட்டிலும் அது இருந்தது. ‘மனசு வச்சா நடப்பாரு’ என்று தாத்தாவைப் பற்றிச் சொல்லாத உறவினர் கிடையாது.

1990இல் வந்த திரைப்படம் இதைவிடச் சுலபமான வழியில் போனது. பென்னி மார்ஷல் இயக்கம். ராபர்ட் டி நீரோவும் ராபின் வில்லியம்ஸும் நடித்தது. டி நீரோவின் உடல் நடிப்புக்காக ஒருமுறை பார்க்கலாம். ஆனால் படம் மூன்றாவது கட்டத்தை ஏறக்குறைய விட்டுவிட்டு, நலமாக இருக்கும் நமக்கு ஒரு பாடம் சொல்லி முடிகிறது: வாழ்க்கையை ரசியுங்கள். நோயாளி நமக்குப் பாடம் எடுக்க விழித்து, பாடம் முடிந்ததும் தூங்கிவிடுகிறார். ஹரோல்ட் பின்டரின் ‘எ கைண்ட் ஆஃப் அலாஸ்கா’ நாடகம் 1982இல் இந்த நூலிலிருந்து தூண்டுதல் பெற்று வந்தது. அதில் 29 வருடம் கழித்து விழிக்கும் ஒரு பெண்ணும் இன்னும் இரண்டு பேரும் மட்டும்தான். பின்டர் பாடம் எதையும் சொல்லவில்லை. கேட்பவரும் பேசுபவரும் ஒருவருக்கொருவர் எட்டாமல் நிற்கும் இடைவெளியை மட்டும் மேடையில் வைத்தார். 20 நானோமீட்டர் இடைவெளியை அவர் நினைத்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் படத்தைவிட நாடகம் அந்த அணுக்களுக்கு நெருக்கமாக இருக்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். இப்போது ‘டோபமைன்’ தமிழில் சர்வசாதாரணமான சொல்லாகிவிட்டது. ரீல்ஸ் பார்த்தால் டோபமைன், லைக் வந்தால் டோபமைன், ஒரு வாரம் கைப்பேசியைத் தொடாவிட்டால் ‘டோபமைன் டீடாக்ஸ்’. சமீபமாக இளைஞர்கள் எழுதும் கவிதைகளிலும் சிறுகதைகளிலும்கூட அது காதலுக்கும் போதைக்கும் பதிலியாக வருகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் அதே எண்ணெய்த் தொட்டிதான் இருக்கிறது. இன்பம் என்பது ஒரு திரவம். கூடினால் மகிழ்ச்சி, குறைந்தால் சோகம். தாத்தாவைப் பார்த்த எவருக்கும் தெரியும், டோபமைன் இல்லாதபோது முதலில் போவது இன்பம் இல்லை, சட்டைப் பொத்தானைப் போடும் விரல். அதைவிட முக்கியம், எவ்வளவு வருகிறது என்பது பாதிக் கதைதான். வாங்கும் இடம் இதுவரை என்னவெல்லாம் பட்டிருக்கிறது என்பது மீதிக் கதை. சிறுகதை எழுதுகிறவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கக் கூடாது. ஒரே சொல் ஒருவரைச் சிரிக்க வைக்கும், இன்னொருவரை உடைத்துவிடும். வேறுபாடு சொல்லில் இல்லை என்று நாம் எழுதிக்கொண்டுதானே இருக்கிறோம். உடம்பைப் பற்றி எழுதும்போது மட்டும் ஏன் அதை மறந்துவிடுகிறோம்?

நம் நோய்க் கதைகள் பெரும்பாலும் இரண்டு முடிவில் ஒன்றைத்தான் தேர்கின்றன. மருந்து அற்புதம் செய்கிறது, அல்லது மரணம் வருகிறது. நடுவில் வருடக்கணக்காக நீளும் அந்த இணங்கிப்போதல் கதையாவதில்லை. ‘அவேக்கனிங்ஸ்’ நமக்குக் கற்றுத் தருவது அதை எழுதும் பொறுமையை. குறைகளோடு சேர்த்தே அதைப் படிக்கச் சொல்கிறேன். படிக்கிறவர்கள் முன்னுரையைத் தாண்டி நேராக ரோஸ் ஆர். பகுதிக்குப் போகலாம், பிறகு லியனார்ட் எல். அதன்பிறகு கடைசிப் பகுதியில் அந்த மூன்று கட்டங்களைப் பற்றி சாக்ஸ் எழுதியதைப் படித்தால் தத்துவச் சொற்கள் அவ்வளவு கனமாக இருக்காது. பக்கத்தில் ஒரு சினாப்ஸின் படத்தை வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது, அதில் பூட்டுகள் ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு எங்கள் வீட்டு நாள்காட்டியில் மணிகள் ஏறின. மாத்திரையைப் பாதியாக உடைத்து, மூன்று வேளை என்பதை ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். மீன், முட்டையெல்லாம் இரவுச் சாப்பாட்டுக்கு மாறின, ஏனென்றால் புரதம் மருந்தோடு போட்டி போடுமாம். பாட்டி சமையலறை மணியைத் தாத்தாவின் கட்டிலுக்கு எதிரில் மாட்டினார். தாத்தா பழையபடி நடக்கவில்லை. ஆனால் காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை அவருக்கென்று ஒரு நேரம் கிடைத்தது. ஆடாமல், உறையாமல். அந்த நேரத்தில் அவர் வாசலில் உட்கார்ந்து ரோட்டில் போகும் லோரிகளைப் பார்ப்பார். எத்தனை டன் ஏற்றியிருக்கிறது, எந்த கியரில் மேட்டை ஏறுகிறது என்று எனக்குச் சொல்வார். நான் கைப்பேசியைப் பார்த்தபடி ‘ம்’ கொட்டுவேன். பன்னிரண்டு நெருங்கும்போது அவர் குரல் இறங்கத் தொடங்கும். அப்போது கிட்டப்போய்க் குனிந்துதான் கேட்க வேண்டும். சில நாள் போனேன். பல நாள் போகவில்லை.